புகை தெரிகிற அறை

தீவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்த அறைதான் கேட்பார்கள். புறப்பட்டு வந்த ஊரையே பார்த்த அறை வேண்டும் என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் ஒரு ரொட்டிக்காரர். ஏன் அப்படிக் கேட்டார், கேட்டு வாங்கிய ஜன்னலில் எது தெரியாமல் போயிற்று என்று சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ரொட்டி மாவு மாதிரி இதுவும் சற்றுப் புளித்தால்தான் உப்பும்.

துறைமுகத் தெரு மேடேறுகிற இடத்தில் அவர் கடை. முன்னால் கண்ணாடி அலமாரி, நடுவில் மாவு பிசைகிற நீள மேசை, பின்னால் செங்கல் அடுப்பு. ஒரு ஆள் குனிந்து உள்ளே போய்க் காலை நீட்டிப் படுக்கலாம், அத்தனை பெரிய அடுப்பு. உள்ளேயே விறகை எரித்து, கல் சூடேறினதும் தணலை வழித்துவிட்டு, நீளத் துடுப்பால் ரொட்டியைத் தள்ளுவார்கள். அந்த அடுப்பை ரொட்டிக்காரர் ஒரு நாளும் ஆற விட்டதில்லை. ஆறிப்போன அடுப்பைத் திரும்பச் சூடேற்றினால் செங்கல் விரிந்துவிடும் என்பது அவர் பயம். அவருடைய கல்யாணத்தன்று போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் போனால் விறகு வைத்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கும் அந்தப் போட்டோவில் அவர் சட்டைக் கையில் கரி இருக்கும்.

அடுப்பின் புகைக்கூண்டுக் கழுத்தில் ஓர் இரும்பு மூடி. கீழே நின்றபடி கொக்கிக் கம்பியால் அதைத் திருப்பினால் காற்று கூடும், குறையும். அந்தக் கொக்கியை ரொட்டிக்காரர் தவிர யாரும் தொடக் கூடாது. சாப்பிட உட்கார்ந்தாலும் தட்டுக்குப் பக்கத்தில் அது கிடக்கும்.

"அக்கா, உனக்குச் சக்களத்தி வேற யாரும் இல்ல, அந்தக் கொக்கிதான்" என்பான் சுருட்டை.

சுருட்டை என்றால் ரொட்டிக்காரர் மனைவியின் தம்பி. தலைமுடி சுருள் சுருளாக இருக்கும், அதற்குள் எப்போதும் மாவு. அம்மா போன பிறகு அக்காதான் அவனுக்குச் சோறு ஊட்டி, சளி துடைத்து, கையைப் பிடித்து இந்தக் கடைக்குக் கூட்டிவந்தாள். இப்போது அவன் மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது. மாவு பிசைவான், உருட்டுவான், அச்சில் வைப்பான், துடுப்பில் ஏற்றுவான். ஆனால் தீ அவனுடையது அல்ல. அடுப்பு வாயருகே குனிந்தால் போதும், "தள்ளு தள்ளு" என்று அத்தானின் முழங்கை வந்துவிடும்.

ரொட்டிக்காரர் தீ மூட்டும் விதம் ஊருக்கே தெரியும். பருத்த கட்டைகளை ஒரேயடியாகத் திணித்து மூடியை இறுக்கிவிடுவார். அப்படி வைத்தால்தான் சூடு நிற்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னாராம். விடியும்போது புகைக்கூண்டிலிருந்து கறுப்பாகப் புகை கிளம்பித் தெரு முழுக்கப் படியும். தெருப் பெண்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரொட்டிக்காரர் புகை விட்டாச்சா? துணி காயப் போடலாமா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். ரொட்டிக்காரருக்கு அதில் ஒரு பெருமை. புகை நின்றால் அடுப்பு நிற்கிறது என்று அர்த்தம் அல்லவா?

ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. ரொட்டிக்காரர் உள்ளே கண் அசந்திருந்தார். சுருட்டை வந்து கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். சத்தம் போடாத."

"சத்தம் போடுற மாதிரி விஷயம்னா சொல்லாமலே இரு."

"வடக்க ஒரு ஊர்ல புதுசா ரொட்டிக் கடை திறக்கிறாங்க. என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அடுப்பு முழுக்க என் பொறுப்பு."

அவள் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். "பெட்டி கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"அப்ப நீ என்னைக் கேக்க வரல. சொல்ல வந்திருக்க."

"கேக்கத்தான் வந்தேன். அத்தான் ஒரே ஒரு தடவை, ஒரு நாலு நாள், அடுப்பை என்கிட்ட விட்டுட்டு அந்தப் பக்கம் போகட்டும். பெட்டியைப் பிரிச்சுடறேன், இந்த ஜென்மத்துக்கு இங்கயேதான். ஆனா நடுவுல ஓடி வந்து எட்டிப் பார்த்தாருன்னு வை, அன்னைக்கே கிளம்பிடுவேன்."

"இதை அவர்கிட்டயே சொல்லேன்டா."

"நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லக் கூடாது. 'விடலைன்னா போயிடுவேன்'னு மிரட்டி வாங்கினா அது நம்பிக்கையா? பிடுங்கினது மாதிரி ஆயிடும்."

உள்ளே ரொட்டிக்காரர் இருமினார். சுருட்டை மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவள் வாயைக் கையால் பொத்திக் காட்டினாள், சொல்ல மாட்டேன் என்று.

அன்று சாப்பிடும்போதே ஆரம்பித்தாள்.

"என்னங்க, எங்கயாவது போயிட்டு வரலாமா?"

"எங்க?"

"எங்கயாவது."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்லாம."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். கல்யாணம் ஆனதிலேருந்து உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல."

"போன வாரம் மிக்ஸி கேட்டியே."

"அதையும் நீங்க வாங்கித் தரல."

"சரி, மிக்ஸி வாங்கிக்க."

"மிக்ஸி வேண்டாம். எனக்கு நாலு நாள் வேணும்."

அவர் கொக்கியை எடுத்துத் தட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். கடைசியில், "எங்கன்னு பார்ப்போம்" என்றார். அதுவே பெரிய காரியம்.

எங்கே என்பதில்தான் சிக்கல். அவளுக்குத் தூரமாக ஓர் இடம் வேண்டும். நினைத்தவுடன் திரும்பி ஓடிவர முடியாத தூரம். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகிற மலையூர் ஒன்றைச் சொன்னாள்.

"மலையில என்ன இருக்கு?"

"பனி."

"பனி பார்க்கணும்னா ஐஸ் பெட்டியைத் திறந்து பாரு. என் முட்டி தாங்காது."

மறுநாளே விஷயம் கடைக்கு வருகிறவர்கள் காதுக்கு எட்டிவிட்டது. ரொட்டிக்காரர் ஊரை விட்டுப் போகிறாராம் என்றால் சும்மா இருப்பார்களா? மருந்துக்கடைக்காரர் அருவி ஒன்றைச் சொன்னார். அருவிக்குப் போனால் ஜலதோஷம் பிடிக்கும், அந்த மாத்திரையும் நீதான் விற்பாய் என்றார் ரொட்டிக்காரர். பள்ளிக்கூட டீச்சர் பழைய கோட்டை ஒன்றைச் சொன்னாள். செங்கல் பார்க்க அவ்வளவு தூரம் எதற்கு, பின்னால் வா, காட்டுகிறேன் என்றார்.

கடைசியில் தையல்காரம்மா வந்தாள். இரண்டு பன் வாங்கிக்கொண்டு, "எதுத்தாப்புல தீவு இருக்கே, அங்க போங்களேன்" என்றாள்.

"அங்க என்ன இருக்கு?" என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல. அதுக்குத்தான் எல்லாரும் போறாங்க."

அந்த ஊரிலும் கடல் உண்டு. ஆனால் அது வேலைக்குப் போகிற கடல். டீசல் வாசனையும் மீன் பெட்டியும் கயிறும் கத்தலுமாக இருக்கும். யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். தீவு அப்படி இல்லை. தென்னை, மணல், சைக்கிள், மரத்துக்கு மரம் கட்டின வலைத் தொட்டில். காலையில் ஒரு படகு, சாயங்காலம் ஒரு படகு.

"போன்கூட அங்க எடுக்காதுக்கா. படகுத்துறைப் பாலத்து நுனியில போய் நின்னாத்தான் கொஞ்சம் கேக்கும். என் வீட்டுக்காரர் அங்க இருந்த வரைக்கும்தான் என்கூடப் பேசினாரு, வேற யாரும் கிடைக்காம" என்றாள் தையல்காரம்மா.

ரொட்டிக்காரர் மனைவி மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். தீவு பக்கம்தான், கண்ணுக்குத் தெரிகிற தூரம். அது ஆகாது. ஆனால் நடுவில் தண்ணீர் இருக்கிறது, நினைத்த நேரத்துக்குப் படகு இல்லை, போனும் இல்லை. ரயில் பிடித்துத் திரும்பிவிடக்கூடிய மலையைவிட இதுவே மேல். இவரைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு மாதம் ஆகும் என்று நினைத்தபடி திரும்பினாள்.

"சரி, தீவுக்கே போவோம்" என்றார் ரொட்டிக்காரர்.

அவர் உடனே சரியென்றதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அன்று சாயங்காலம் மனிதர் மாடிக்குப் போய் வெகு நேரம் நின்றார். பிறகு படகுக்காரரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று கேட்டதற்கு, "காத்து எப்படின்னு கேட்டேன்" என்றார்.

புறப்படுகிற அன்று மச்சினனைக் கூப்பிட்டு அடுப்பின் முன் நிறுத்தினார்.

"மூடியைச் சரியா வச்சிருக்கேன். தொடாத."

"சரி அத்தான்."

"வழக்கமா எப்படியோ அப்படி."

"சரி அத்தான். கொக்கி எங்க?"

"அது பத்திரமா இருக்கு."

சுருட்டை அக்காவைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். துறைக்கு நடக்கும்போது அவர் கையிலிருந்த பையை மாற்றிக்கொள்ள வாங்கினாள். தோள் இறங்கிவிட்டது.

"என்னங்க இது, கல்லா?"

"செருப்பு" என்று திரும்ப வாங்கிக்கொண்டார்.

படகில் எல்லாரும் தீவைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அவர் ஊரைப் பார்த்து உட்கார்ந்தார். ஊர் சிறுத்துச் சிறுத்து ஒரு கோடாயிற்று. அவர் கழுத்து மட்டும் நீண்டுகொண்டே போயிற்று.

விடுதிக்காரம்மா நல்ல மனுஷி. கால் மணலைக் கழுவத் தண்ணீர் கொடுத்து, இருப்பதிலேயே நல்ல அறையின் சாவியை நீட்டினாள். "ஜன்னலைத் திறந்தா அலை உங்க காலடியில, ஐயா."

"அது வேண்டாம். பின்பக்கம் இருக்கா?"

"பின்பக்கமா? அங்க குப்பைத் தொட்டியும் துணிக்கொடியும்தான் தெரியும்."

"ஊர் தெரியுமா?"

"ஊரா? ஏதோ கோடு மாதிரி தெரியும்."

"அது போதும்."

விடுதிக்காரம்மா ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்து, "அக்கா, ஐயாவுக்குக் கடல்னா பயமா?" என்றாள் மெதுவாக.

"கடல்ல இல்லம்மா. வேற ஒண்ணுல" என்றாள் இவள்.

அறைக்குள் போனதும் அவர் கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டார். அந்தப் பக்கக் கோட்டில் எறும்பு மாதிரி வீடுகள். அவற்றுக்கு மேலே குச்சி மாதிரி ஒன்று.

"அதோ பாரு, நம்ம புகைக்கூண்டு. நாளைக்கு விடியும்போது பாரு, எப்படித் தெரியும்னு."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாடியில் நின்றது, படகுக்காரரிடம் பேசியது, உடனே சரியென்றது, எல்லாம் இதற்குத்தான். முதலில் கோபம் வந்தது. இத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வந்த இடத்திலும் அடுப்பைக் கூடவே கூட்டிவந்திருக்கிறாரே! பிறகு யோசித்தாள். பார்த்துக்கொண்டு இருக்கட்டும். பார்க்கிறவரை ஓட மாட்டார். ஜன்னல் வழியாகப் பார்ப்பது எட்டிப் பார்த்ததாக ஆகுமா? சுருட்டை அதைச் சொல்லவில்லையே. ஆகாது என்று அவளே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

அன்று பொழுது நன்றாகவே போயிற்று. அவள் முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். அலை காலடி மணலை உருவிக்கொண்டு போனது. கூச்சமாக இருந்தது, சிரித்தாள். அவர் வலைத் தொட்டிலில் ஏறப் போய் அந்தப் பக்கம் விழுந்தார். மறுபடி ஏறி, இந்தப் பக்கம் விழுந்தார். மூன்றாம் தடவை மாவைத் துடுப்பில் ஏற்றுகிற மாதிரி அவள் அவரைப் புரட்டி ஏற்றிவிட்டாள். படுத்த சுருக்கில் குறட்டை விட்டார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. கரி படியாத காற்றில் அவர் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

விடிந்தது. தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள்.

"எழுந்திரு. புகை வரல."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கடல் வெளுத்துக் கிடந்தது. குச்சி நின்றது. குச்சிக்கு மேலே வானம் சுத்தமாக இருந்தது.

"இன்னும் மூட்டியிருக்க மாட்டான்."

"இதுக்குள்ள தணல் வழிச்சிருக்கணும்! தூங்கிட்டான். அடுப்பு ஆறிப்போச்சு. அவசரத்துல இனிமே மூட்டுவான், கல்லு விரிஞ்சுடும். போச்சு, எல்லாம் போச்சு."

"கொஞ்சம் பொறுங்க."

"எதுக்குப் பொறுக்க? காலைப் படகுலயே போறேன்."

சட்டையைத் தலைகீழாக மாட்டினார், கழற்றினார், மாட்டினார். அவள் உதவி செய்கிற சாக்கில் பையை எடுத்தாள். கொஞ்ச நேரம் தேடுகிற மாதிரி பாவனை செய்யலாம் என்று கையை உள்ளே விட்டாள். துண்டில் சுற்றின ஏதோ ஒன்று கையில் இடித்தது. பிரித்தாள். கொக்கிக் கம்பி.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"செருப்புன்னு சொன்னீங்க."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார்.

"இதை இங்க கொண்டாந்துட்டீங்களே, அவன் மூடியை எதால திருப்புவான்?"

"திருப்பக் கூடாதுன்னுதான் கொண்டாந்தேன்."

"அப்ப அடுப்பு அணைஞ்சிருந்தா, அணைச்சது யாரு? அவனா, நீங்களா?"

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கம்பி அவள் கையிலேயே இருந்தது. அதைப் பிடித்தபடி பின்னால் போனாள். விடுதிக்காரம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தவள், இரும்புக் கம்பியோடு கணவனைத் துரத்திப் போகிற பெண்ணைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஓரமாக ஒதுங்கினாள்.

பாலத்து நுனியில் நின்று அவர் கடைக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"பார்த்தியா?"

"மாவுக் கையோட யாருங்க போன் எடுப்பாங்க? நீங்க என்னைக்காவது எடுத்திருக்கீங்களா?"

படகு தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு நாக்கு நுனியில் வந்து நின்றது: நீங்க போனா அவன் போயிடுவான். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் மனிதர் நின்றுவிடுவார். மச்சினன் மேல் அவருக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் சொல்லி நிறுத்தினால் அது சுருட்டை கேட்டது ஆகாது. பிடுங்கினது ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் இந்தப் படகிலேயே எல்லாம் முடிந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

படகு வந்து இடித்தது. தண்ணீர்க் கேன்கள் இறங்கின, காய்கறிக் கூடை இறங்கியது, கடைசியில் ரொட்டிப் பெட்டி இறங்கியது. தீவின் டீக்கடைக்குத் தினமும் அவர்கள் கடை ரொட்டிதான் போகும். அடுப்பு ஆறிப்போன கவலையில் அவருக்கு அதுகூட மறந்துவிட்டது. பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு பாய்ந்து மேல்துணியை விலக்கினார்.

உள்ளே ரொட்டி வரிசையாகக் கிடந்தது. ஒன்றை எடுத்துப் புரட்டினார். அடியில் விரலால் தட்டினார். டொக் டொக் என்று கேட்டது. உள்ளே வெந்திருந்தால்தான் அப்படிக் கேட்கும். இன்னொன்றைத் தட்டினார். அதுவும் டொக்.

டீக்கடைக்காரர் வந்து பெட்டியில் கை வைத்தார். "கொஞ்சம் விடுங்கண்ணே, ஆளுங்க காத்திருக்காங்க. அட, இன்னைக்கு என்ன, அடி கருகாம வந்திருக்கு! புது ஆள் போட்டுட்டாங்களா அங்க?"

ரொட்டிக்காரர் காது சிவந்தது. மனைவி கடலைப் பார்த்தாள்.

"அது மட்டுமா?" என்றார் படகுக்காரர், கயிற்றைச் சுற்றிக்கொண்டே. "விடியுறதுக்குள்ள உங்க தெரு மாடியெல்லாம் துணி தொங்குது. நான் ஏதோ விசேஷம்னு நினைச்சேன்."

ரொட்டிக்காரர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஊர்ப்பக்கம் திரும்பினார். சுத்தமான வானம்.

"விறகைச் சின்னச் சின்னதாப் பிளந்திருக்கான்" என்றார் மெதுவாக. "அடுப்பு மேலயே காய வச்சு, கொஞ்சம் கொஞ்சமா வச்சிருக்கான். கொழுந்து விட்டு எரிஞ்சா புகை ஏது?"

"அப்ப தீ அணையல" என்றாள் அவள்.

"அணையல."

"நல்லது. வாங்க, டீ குடிப்போம்."

அவர் டீக்கடைப் பக்கம் வரவில்லை. ஒரு காலைப் படகில் வைத்தார்.

"இப்ப எதுக்குங்க?"

"எப்படிப் பண்ணான்னு போய்ப் பார்க்க வேண்டாமா?"

"பார்த்து?"

"பார்த்து..." அவர் தேடினார். "அடி சரியா வேகுதான்னு..."

"வெந்திருக்கு. இப்பத்தான் தட்டிப் பார்த்தீங்க."

"மூடி அந்த இறுக்கத்துல இருக்கும்போது அப்படி எரிய வைக்கிறது லேசு இல்ல."

"இல்லதான்."

"நான் போய்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அடுப்பு அணைந்துவிட்டதே என்று ஓடி வந்த மனிதர், அது அணையாமல் இருக்கிறதே என்று இப்போது தவித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கும் இப்போது சொல்லும்போது பாவமாகத்தான் இருக்கிறது.

"ஐயா," என்றார் படகுக்காரர், "ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கன்னு நிக்காதீங்க. நடுவுல இருக்கிறது கடல்."

அவள் கொக்கிக் கம்பியை நீட்டினாள்.

"போறதுன்னா போங்க. நான் வரல. நாலு நாள்னு கேட்டு வந்தேன், நாலு நாளும் இருந்துட்டுத்தான் வருவேன். ஆனா இதை என்கிட்ட விட்டுட்டுப் போகாதீங்க. எனக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல."

அவர் கம்பியை வாங்கினார். கைபட்டுக் கைபட்டு ஒரு பக்கம் மழுங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார். ஒரு கையில் அது, ஒரு கையில் இது.

"இது இல்லாமலே சுட்டுட்டான்" என்றார்.

அவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்த வாக்கியம் வந்துவிடுமோ என்று பயம்.

படகுக்காரர் இன்ஜினை முடுக்கினார். ரொட்டிக்காரர் காலைப் பாலத்துக்கு எடுத்துக்கொண்டார். கம்பியைப் படகுக்குள் நீட்டினார்.

"இந்தா, இதை என் மச்சினன் கையில குடு. அவன் கையிலதான் குடுக்கணும்."

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

படகு நகர்ந்து கொஞ்ச தூரம் போயிற்று. அவருக்குப் பொறுக்கவில்லை. கையைக் குவித்துக் கத்தினார். "இடது பக்கம் திருப்பினா இறுகும்! மெல்லத் திருப்பச் சொல்லு!"

படகுக்காரர் காதில் கை வைத்துக் காட்டினார், கேட்கவில்லை என்று.

"அவனுக்குத் தெரியுங்க" என்றாள் அவள்.

அவர் இன்னொரு தடவை கத்த வாயெடுத்தார். பிறகு, போ போ என்று கையசைத்துவிட்டார்.

டீக்கடையில் அந்த ரொட்டியையே டீயில் தொட்டுத் தின்றார். இரண்டு துண்டு தின்ற பிறகு, "பரவாயில்ல" என்றார். இத்தனை வருஷத்தில் தன் ரொட்டியைத் தவிர வேறு எதையும் அவர் பரவாயில்லை என்று சொன்னதில்லை. மூன்றாவது துண்டை எடுக்கும்போது, "நம்ம ரொட்டி தினமும் கருகியா வருது?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"கருகி இல்லண்ணே, கொஞ்சம் கறுப்பா வரும். உங்க கடை ருசியே அதுதான்னு நினைச்சுப் பழகிட்டோம்."

அவள் டீ புரையேறி இருமினாள்.

விடுதிக்குத் திரும்பினபோது கடல் பக்கத்து அறை இன்னும் காலியாகத்தான் இருந்தது. அவளைக் கேட்காமலே அவர் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். இந்தத் தடவை பை கனக்கவில்லை.

மறுநாள் காலை அவர் எழுந்திருக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே அலை வந்து வந்து போனது. முதுகைக் காட்டிப் படுத்து, விட்ட இடத்திலிருந்து குறட்டையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அவள் மட்டும் பாலத்துக்குப் போனாள். கம்பி போய்ச் சேர்ந்துவிட்டது, சரி. ஆனால் இவர் பாலம் வரை பையோடு ஓடி வந்ததையும் படகுக்காரர் சொல்லியிருப்பாரே. ஒரு காலைப் படகில் வைத்ததை எதில் சேர்ப்பது? சுருட்டை அதை எப்படி எடுத்துக்கொள்வான்?

"குடுத்தேன்மா" என்றார் படகுக்காரர். "வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. எப்படிக் குடுத்தாருன்னு கேட்டாரு. ஒரு கால் படகுல வச்சுட்டு எடுத்துட்டாருன்னு சொன்னேன். சிரிச்சாரு."

"சிரிச்சானா? வேற?"

"ஆணியில மாட்டினாரு. எப்ப வர்றாங்கன்னு நானே சொன்னேன். 'ஒண்ணும் அவசரமில்ல, இருந்துட்டு வரச் சொல்லுங்க'ன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்." ரொட்டிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "ஆங், ஒண்ணு பார்த்தேன். இன்னைக்கு உங்க வீட்டு மாடியில கொடி நிறையச் சட்டை. எல்லாம் உங்க தம்பியோடதுதான். இருக்கிற எல்லாத்தையும் ஒரே நாள்ல துவைச்சுப் போட்டிருக்காரு போல. அந்த மனுஷனுக்கு அவ்வளவு சட்டை இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அவள் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் கட்டி வைத்திருந்த சட்டைகள். அந்த மாடியில் விடியற்காலையில் வெள்ளைத் துணி தொங்கி அவள் பார்த்ததில்லை. இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அறைக்குத் திரும்பினபோது ரொட்டிக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"என்னவாம்?"

"அவசரமில்லையாம். இருந்துட்டு வரலாமாம்."

"ம்." கண்ணை மூடினார். திறந்தார். "வேற?"

"சட்டையெல்லாம் துவைச்சுக் காயப் போட்டிருக்கானாம்."

"கடை நேரத்துல துணியா துவைக்கிறான்!" என்று பாதி எழுந்தார். எழுந்தவர் எதிரே கடலைப் பார்த்தார். சுற்றும் முற்றும் கொக்கியைத் தேடுகிற மாதிரி கை ஒரு தடவை படுக்கையைத் துழாவியது. பிறகு அப்படியே சாய்ந்து, தலையணையைக் கட்டிக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

அவள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள். இன்றைக்கு இடுப்பு வரை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.